சாட்சித் தண்ணீர்

அக்கா,

பக்கத்து வீட்டுப் பெண் இன்று காலை வேட்டிக்கு நீலம் போட்டாள். வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு விழுந்தது. புகை மாதிரி இறங்கி, விரிந்து, வாளி முழுக்க நீலமாகிவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போன நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

"இன்னாக்கா, நீலத்தப் பாத்ததே இல்லியா?" என்று கேட்டாள்.

பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். எங்கே பார்த்தேன் என்று சொல்லவில்லை. சொன்னால் புரிகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் போய்விட்டீர்கள்.

ஐந்தாவது வரை படித்தவள் எழுதுவது இது. பிழை இருந்தால் இருக்கட்டும். திருத்துவதற்கு நீங்கள் இல்லை. ஒரு விதத்தில் அதுவும் எனக்கு வசதிதான். இருந்திருந்தால் பாதியிலேயே என் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பீர்கள்.

கவரைப்பேட்டையில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நம்முடைய லேப் இருந்தது. சர்க்கார் லேப் என்று பெயர்தான் பெரிது. சமையலறையில் ஆசிட் புட்டிகள், கூடத்தில் நீங்கள், பின்கட்டில் நான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். ஏரி, கால்வாய், கிணறு என்று தண்ணீர் எடுத்து வந்து சோதிப்பது உங்கள் வேலை. அந்தப் பாட்டில்களைக் கழுவுவது என் வேலை.

நீங்கள் திருவள்ளூர்க் கோவில் தெருப் பெண். அப்பாவுக்கு மடப்பள்ளியில் கைங்கரியம். பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தீர்கள். சனிக்கிழமை பஸ் ஏறிப் போனால் திங்கட்கிழமை வருவீர்கள். நான் ஏரிக்கரைக் காலனி. எங்கள் ஆட்கள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். எங்களில் கூரைக்குக் கீழே நின்று வேலை செய்யப் போன முதல் பெண் நான்.

முதல் நாள் உங்களை அம்மா என்று கூப்பிட்டேன்.

"அம்மாவா? எனக்கு உன் வயசுதான் இருக்கும். பேர் சொல்லிக் கூப்பிடேன்" என்றீர்கள்.

"ஐயோ, எனுக்கு வாயே வராது. அக்கான்னு கூப்பட்றேன்."

"ஒரே நாள்ல என்னைக் கிழவி ஆக்கிட்டியேடி!"

அப்படித்தான் அக்கா ஆனீர்கள்.

பாட்டிலுக்குச் சோப்பு ஆகாது என்பதுதான் நீங்கள் எனக்குச் சொன்ன முதல் கட்டளை. "சோப்புத் தூள்லயே நாம தேடற பாஸ்பரஸ் இருக்கு எஸ்தர். ஒரு சிட்டிகை ஒட்டிண்டிருந்தாலும் பாவம், ஏரி மேல பழி விழும்." அந்தத் தூள் அப்போதுதான் ஊர்க் கடைகளுக்கு வந்திருந்தது. பொட்டலத்தைக் கண்டாலே எனக்குப் பயம். என் வீட்டுத் துணிக்குக்கூட வாங்கவிடமாட்டேன். ஆசிட் கலந்த வெந்நீரை ஊற்றிக் குலுக்கி, டிஸ்டில் வாட்டரால் மறுபடி மறுபடி அலசி, மரச் சட்டத்தில் தலைகீழாகக் கவிழ்ப்பேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்தால் எரியும். கரண்டியால் தின்னப் பழகினேன். "இன்னாடி, தொர ஊட்டுப் பொண்ணாட்டம் கரண்டில துன்ற?" என்று என் மாமியார் தெருவுக்கே கேட்கிற மாதிரி கேலி செய்வாள்.

ஒரே ஏரித் தண்ணீரை நீங்கள் மூன்று பங்காகப் பிரிப்பீர்கள். முதல் பங்கை வடிதாளில் வடித்து, பாஸ்பரஸ் இருந்தால் நீலம் காட்டுகிற மருந்தை அப்படியே விடுவீர்கள். கொஞ்சம் நீலம் வரும். இரண்டாவது பங்கையும் வடித்து, ஆசிட் விட்டுக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு மருந்து விடுவீர்கள். மூன்றாவது பங்கை வடிக்காமல் பாசியும் சேறுமாக, கடும் ஆசிட்டில் புகை கிளம்பும்வரை காய்ச்சுவீர்கள். பிறகு எது எவ்வளவு நீலம் என்று, அளவு தெரிந்த கண்ணாடிக் குழாய்களின் வரிசையோடு வைத்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பீர்கள்.

"ஒரே தண்ணிதானேக்கா? இன்னாத்துக்கு மூணு தபா?" என்று கேட்டேன்.

"எங்க கோவில் குளத்துல அமாவாசைக்கு வெல்லம் கரைப்பா. பார்த்திருக்கியோ? கரைஞ்ச வெல்லத்தை நாக்குல வெச்சா உடனே இனிக்கும். அதுதான் முதல் குழாய். அதுவே அரிசிக் கஞ்சின்னு வெச்சுக்கோ. குடிச்சா இனிக்குமோ? இனிக்காது. ஆனா சாதத்தை வாயில போட்டு மென்னுண்டே இரு, கொஞ்ச நாழியில தித்திக்கும். சங்கிலி மாதிரி கோத்துண்டு இருக்கறது அறுந்தாத்தான் நாக்குக்குத் தெரியறது. அந்த மாதிரி சங்கிலியா இருக்கற பாஸ்பரஸைக் கொதிக்கவெச்சு அறுத்தாத்தான் நீலம் காட்டும். அது ரெண்டாவது. மூணாவது, பாசி வயித்துக்குள்ள போனதையும் சேர்த்துக் கக்க வெக்கறது."

"அப்ப ஒளிஞ்சிக்கினு கீறதுதான் நெறைய."

"அதேதான்டி. ஒளிஞ்சிண்டு இருக்கறது ஒரு நாள் பாசியா எழுந்திருக்கும்."

இந்த மூன்றோடு இன்னொரு குழாயும் நிற்கும். அதில் ஏரித் தண்ணீரே இருக்காது. நான் கழுவிய பாட்டிலில் வெறும் டிஸ்டில் வாட்டரை ஊற்றி, அதே ஆசிட், அதே மருந்து எல்லாம் விடுவீர்கள். அது வெள்ளையாக நிற்க வேண்டும். நின்றால் பாட்டில் சுத்தம், மருந்து சுத்தம். நீலம் காட்டினால் அன்றைய வேலையே வீண். நீங்கள் அதைப் பிளாங்க் என்பீர்கள். எனக்கு நாக்குப் புரளவில்லை. எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். இந்தக் குழாயும் பாட்டிலுக்காக எழுந்து நின்று சாட்சி சொல்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. சாட்சித் தண்ணி என்று பெயர் வைத்தேன்.

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "எங்க பெருமாள் சாட்சி எல்லாம் சொல்லமாட்டார்டி. எல்லாத்தையும் பார்த்துண்டு சுகமா படுத்துண்டிருப்பார்."

ஆனால் மறுநாளிலிருந்து நீங்களும் அந்தப் பெயரைத்தான் சொன்னீர்கள். "எஸ்தர், சாட்சி என்ன சொல்றது?" என்று கூடத்திலிருந்து கேட்பீர்கள். "வெள்ளக்கா!" என்று பின்கட்டிலிருந்து கத்துவேன். அந்த நாட்களில் நான் வேலைக்குப் போனேன் என்றே எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஏரி பச்சையானது அந்தச் சமயத்தில்தான். பாசி என்றால் ஓரத்தில் படர்கிற பாசி இல்லை. பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி ஏரி முழுக்கக் கெட்டிப் பச்சை. மீன் செத்து மிதந்தது. நாம் இருவரும் பாட்டிலோடு போனபோது கரையில் இருந்த பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாடி எஸ்தரு, ஏரிய பாட்டில்ல ரொப்பிக்கினு எங்க தூக்கிக்கினு போற? அய்யிரம்மா கொயம்பு வெக்கப் போறாங்களா?"

"ஆமா, நீங்களும் சாப்பிட வந்துடுங்கோ" என்றீர்கள் நீங்கள்.

"வோணாம் தாயி. எரும மாடே இத்த மோந்து பாத்துட்டு திரும்பிக்கினு போவுது. நாங்க எரும அளவுக்காச்சும் புத்தி உள்ளவங்க."

சிரிப்போடுதான் சொன்னாள். சொல்லி முடிக்கையில் யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்குக் குடிக்க, குளிக்க, மாட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அந்த ஏரி ஒன்றுதான்.

இரும்புச் சாமானுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒரு கம்பெனியின் கழிவு கால்வாய் வழியாக ஏரிக்கு வந்துகொண்டிருந்தது. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்குப் போக இரும்பைப் பாஸ்பரஸ் கலந்த ஒரு தொட்டித் தண்ணீரில் முக்குவார்களாம். ஊர் கூடி மனுக் கொடுத்தது. கம்பெனியும் தண்ணீரைச் சோதித்துக் காட்டியது. முதல் குழாய் மட்டும்தான். லேசான நீலம். தங்கள் தண்ணீரில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் அதே கால்வாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து இரண்டாவது குழாயைப் போட்டீர்கள். மயில் கழுத்து மாதிரி நீலம். குழாயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தீர்கள். "சங்கிலியாப் போட்டு அனுப்பறாடி. அதான் அவா டெஸ்ட்ல தெரியலை. இதை வெச்சே அந்தக் கால்வாயை மூட வெச்சுடலாம்" என்றீர்கள். அதை நான் ஊருக்குப் போய் வாய் நிறையச் சொன்னேன். ஊர் என்னை நம்பியது. என்னை நம்பியது என்றால் உங்களை நம்பியது என்று அர்த்தம்.

மெட்ராஸிலிருந்து ஆபீசர் வந்தார். கம்பெனிக்காரரோடு அவருடைய காரிலேயே வந்து இறங்கினார். குழாயைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், அப்புறம் உங்களைப் பார்த்தார்.

"இந்தக் கொதிக்க வெச்சா வர்ற சரக்கு சோப்புத் தூள்லயும் இருக்கே. பாட்டில் யார் கழுவறது?"

நீங்கள் என்னைக் காட்டினீர்கள்.

"என்னத்தப் போட்டுக் கழுவுற?"

"ஆசிட்டு சார்."

"சோப்புத் தூள்?"

"அது இந்த வாசப்படியே ஏறாது சார்."

"பாட்டில் என்னமா மின்னுது! எங்க வீட்டு டம்ளர்கூட இப்படி இல்லை." என்று சொல்லிக் கம்பெனிக்காரர் சிரித்தார். ஆபீசர் சிரிக்கவில்லை. "உனக்கு எந்த ஊரு?"

"ஏரிக்கரை சார்."

"அதானே. மனுக் கொடுத்ததே உங்க ஆளுங்கதானே?" என்று சொல்லிவிட்டு உங்கள் பக்கம் திரும்பினார். "தெரியாம நடந்ததுன்னா விட்டுடலாம்மா. வேணும்னே பண்ணதுன்னா போலீசுக்குப் போகணும், உங்க வேலையும் போகும். யோசிச்சு நாளைக்கு எழுதிக் குடுங்க."

நீங்கள் "சரி சார்" என்றீர்கள்.

கார் போன பிறகு பின்கட்டுக்கு வந்தீர்கள். நான் மரச் சட்டத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். "எஸ்தர், உன் குழந்தை மேல ஆணையா சொல்லு. அவசரத்துல என்னிக்காவது சோப்புத் தூள் போட்டியா?"

"அக்கா, நீங்களே கேக்கிறீங்களா?"

"சொல்லேன்."

"இல்லக்கா. எம் புள்ள மேல சத்தியமா இல்ல."

அந்தக் கேள்வியைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பயத்தில் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சட்டத்தில் கை போனபடி பாட்டில்களை எடுத்தீர்கள். டிஸ்டில் வாட்டர் ஊற்றினீர்கள், ஆசிட் விட்டுக் கொதிக்கவைத்தீர்கள், மருந்து விட்டீர்கள். வெள்ளைத் தாளுக்கு முன்னால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தீர்கள். இருவரும் ஒன்றாகத்தான் பார்த்தோம். ஒரு குழாயிலும் நீலம் இல்லை. எல்லாம் வெள்ளை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சாட்சி சொல்லிட்ச்சிக்கா! நாளைக்கு அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா இத்த காட்டுங்க."

நீங்கள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சோதித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டியில் ஊற்றினீர்கள். "கலரை உடனே பார்த்தாத்தான் உண்டு. இது நாளைவரை நிக்காது" என்றீர்கள்.

"அப்ப நாளைக்கு அவுரு எதுருலயே புச்சா போட்டுக் காட்லாம்."

"ம்" என்றீர்கள்.

அந்த 'ம்'மை நம்பிக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் நீங்கள் எழுதிக் கொண்டுவந்திருந்தீர்கள். ஆபீசர் படித்துக் காட்டச் சொன்னார். நின்றுகொண்டே படித்தீர்கள். "படிப்பறிவில்லாத ஊழியர் அறியாமையால் சோப்புத் தூளைப் பயன்படுத்தியதால்" என்று வந்தது. அதற்கு மேல் என் காதில் விழவில்லை. என் பெயர்கூட அதில் இல்லை. அறியாமை என்ற சொல்லை நான் பைபிளில்தான் படித்திருந்தேன். என் தலைக்கு மேல் அது வந்து விழும் என்று நினைக்கவில்லை.

அவர்கள் போன பிறகு என் தோளைத் தொட்டீர்கள். "உன்னைப் போலீஸ்கிட்டேர்ந்து காப்பாத்தத்தான்டி அப்படி எழுதினேன்."

"போலீசு வந்தா அவுங்களுக்கும் சாட்சித் தண்ணி போட்டுக் காட்டியிருக்கலாமேக்கா."

"உனக்குப் புரியாது எஸ்தர்."

எனக்குப் புரியாதா அக்கா? வெல்லத்தையும் கஞ்சியையும் சொல்லி எனக்குப் புரியவைத்தவர் நீங்கள்தானே? உங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற இரண்டு தங்கைகள் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு அடுப்புப் புகையில் நெஞ்சு கெட்டுப்போனது தெரியும். உங்கள் சம்பளம் நின்றால் அந்த வீட்டில் உலை ஏறாது என்பதும் தெரியும். "எஸ்தர், நான் பயந்துட்டேன், என்னை மன்னிச்சுடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் சேர்ந்து அழுதிருப்பேன். நீங்கள் என்னைக் காப்பாற்றியதாகச் சொன்னீர்கள். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கால்வாயை யாரும் மூடவில்லை. மனு தள்ளுபடி ஆனது என் கையால்தான் என்று ஊரில் பேச்சு. 'சோப்புத்தூளு' என்பது எனக்குப் பெயராகிவிட்டது. "தோ, சோப்புத்தூளு வருது, கொடத்த மூடுங்கடி" என்பார்கள். என் வீட்டுக்காரரே ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "எங்கிட்டியாச்சும் நெசத்த சொல்லு, போட்டியா இல்லியா?" என்று கேட்டார். என்னைக் கேலி செய்த மாமியார்தான் அவர் மேல் பாய்ந்தாள். "அவ கைய பாத்தியாடா நீ? சோப்புல வர்ற புண்ணாடா அது? ஆசிட்டுல வெந்தது. மூடிக்கினு துன்னு."

ஊரில் ஒருவர் பாக்கி இல்லாமல் கேட்டிருக்கிறார்கள். ஒருவரிடமும் நான் போட்டேன் என்று ஒப்புக்கொண்டதில்லை. அடித்துக் கேட்டாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். எருமைகளை விற்றோம். தண்ணீருக்குத் தூரம் நடந்தோம். ஏரிப் பக்கம் போகாமல் சுற்றிப் போகிற பாதை ஒன்று தானாக உண்டாகிவிட்டது.

பிறகு ஒருமுறை கவரைப்பேட்டை பஸ் நிறுத்தத்தில் உங்களைப் பார்த்தேன். இளைத்திருந்தீர்கள். பக்கத்தில் வந்து, "நான் வேற என்னதான் பண்ணியிருக்க முடியும், நீயே சொல்லு" என்றீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உங்கள் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டீர்கள். நாம் கடைசியாகப் பார்த்தது அதுதான் என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் திருப்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் மஞ்சள் காமாலையில் போய்விட்டதாக லேப் வாட்ச்மேன் சந்தையில் சொன்னார். சொன்னபோதே காரியமெல்லாம் முடிந்துவிட்டது. போகக்கூடாது என்று வீம்பாக இருந்தேன். ஆனாலும் மறுநாள் இரண்டு பஸ் மாறித் திருவள்ளூருக்கு வந்து, கோவில் தெருவில் உங்கள் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் அப்பா வீட்டில் இல்லை, அம்மா வாசலுக்கு வந்தார். உங்கள் நெற்றி அவருக்கு. "யாரும்மா?" என்று கேட்டார்.

"லேப்புல அக்காகூட வேல செஞ்சேன்மா. பாட்டில் கழுவுற எஸ்தரு."

அவர் முகம் மலர்ந்தது அக்கா. அந்தத் துக்கத்திலும் மலர்ந்தது. "அந்த சோப்புத் தூள் பொண்ணா நீ!"

என் ஊரில் கேட்டுக் கேட்டு மரத்துப்போன பெயர்தான். உங்கள் வீட்டு வாசலில் கேட்டபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"உன்னைப் பத்திச் சொல்லாத நாள் இல்லை. அது பாவம்மா, தெரியாமப் பண்ணிடுத்து, அதை ஜெயிலுக்குப் போகாம நான்தான் தடுத்தேன்னு சொல்லிண்டே இருப்பா. காய்ச்சல்லகூட உன் பேரைத்தான் பிதற்றினா." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் பொண்ணு ஒருத்தருக்கும் துரோகம் நினைச்சதில்லை. பொய்யே வராது அவ வாயில. நீ கூட இருந்து பார்த்தவ. அப்படித்தானேம்மா?"

என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் உள்ளே உங்கள் தங்கைகள் இருவரும் எழுந்து நின்று என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்லாத பெண் என்கிற அந்த நம்பிக்கை ஒன்றுதான் அந்த வீட்டில் உங்களைப் பற்றி மிச்சமிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், உங்களை இன்னொரு தடவை சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

"ஆமாம்மா" என்றேன். "நான்தான் தெரியாம போட்டுட்டேன். அக்காதான் என்னக் காப்பாத்தினாங்க."

உங்கள் அம்மா என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மோர் கொடுத்தார். குடித்தேன்.

என் வீட்டுக்காரரிடம் ஒப்புக்கொள்ளாததை, ஊரே கேட்டும் ஒப்புக்கொள்ளாததை, உங்கள் வாசலில் ஒப்புக்கொண்டுவிட்டு வந்தேன். அன்பினால் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அம்மாவின் முகத்துக்காகச் சொன்னேன். இப்போது அது உங்கள் பொய் இல்லை, என்னுடையது. நாளைக்கு எவராவது வந்து நியாயம் கேட்டாலும், நானே என் வாயால் சொன்னதாக உங்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதினால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. உங்களை நினைத்தால் அழுகை வருகிறது. அழுது முடிப்பதற்குள் கோபம் வந்துவிடுகிறது. என்னைக் காப்பாற்றியதாக நீங்கள் சொன்னீர்கள். உங்களைக் காப்பாற்றிவிட்டு வந்திருப்பவள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஓர் இடம் இல்லை அக்கா. உங்களிடம்தான் சொல்லவேண்டியிருக்கிறது.